ட்ரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்கு எவ்வளவு காற்று அடிப்பது?

அமெரிக்காவிலோ கனடாவிலோ முதன்முறையாகப் பிக்கப் ட்ரக் வாங்கி, கோடை விடுமுறைக்கு ஒரு கேம்பர் ட்ரெய்லரையோ படகையோ பின்னால் மாட்டப் போகிறவர்களுக்கு வரும் முதல் குழப்பம் டயர் காற்றுதான். டயரின் பக்கச்சுவரில் ஒரு எண் இருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வேறொரு எண். டயர் கடையில் மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர், "ட்ரெய்லர் மாட்டினா 80 அடிச்சிடுங்க, கவலையே வேண்டாம்" என்பார்.

இவற்றில் எதுவும் வெறுமனே கிளம்பிய எண் இல்லை. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டிய எண், உங்கள் வண்டியின் முன் அச்சிலும் பின் அச்சிலும் எத்தனை பவுண்ட் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. எடை தெரியாமல் அழுத்தத்தை மட்டும் விவாதித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அதனால் எடையிலிருந்தே தொடங்குவோம்.

வண்டியைத் தாங்குவது ரப்பர் என்று பலரும் நினைக்கிறார்கள். ரப்பரும் அதற்குள் இருக்கும் எஃகுக் கம்பிகளும் இழைகளும் காற்றைப் பிடித்து வைக்கின்றன. சுமையில் பெரும்பங்கைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்றுதான். ஒரே டயர், காற்று அதிகமானால் அதிகச் சுமை தாங்கும். குறைந்தால் குறைவாகத் தாங்கும். ஒவ்வொரு டயர் அளவுக்கும் எந்த அழுத்தத்தில் எவ்வளவு எடை தாங்கும் என்று அட்டவணையே இருக்கிறது. அமெரிக்காவில் டயர் அண்ட் ரிம் அசோசியேஷன் என்ற அமைப்பு இந்த அளவுகோல்களை வகுத்து வெளியிடுகிறது. பெரிய டயர் நிறுவனங்கள் பலவும் தங்கள் அட்டவணைகளை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கின்றன.

காற்று குறைவான டயர் ஏன் வெடிக்கிறது? தரையைத் தொடும் இடத்தில் டயரின் பக்கச்சுவர் பிதுங்கி வளைகிறது. தரையை விட்டு மேலே போனதும் நிமிர்கிறது. பிக்கப்புகளில் வரும் 275/65ஆர்18 அளவு டயர் சுமார் 32 அங்குல விட்டம் கொண்டது. மணிக்கு 60 மைல் வேகத்தில் அது நொடிக்குப் பத்து முறைக்கு மேல் சுற்றுகிறது. அத்தனை முறையும் பக்கச்சுவரின் ஒவ்வொரு பகுதியும் வளைந்து நிமிர வேண்டும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் கொதித்து ஒடிந்துபோகும் இல்லையா, அதே கதைதான். காற்று குறையக் குறைய வளைவு கூடுகிறது. சுமை கூடினாலும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்தால், அதிலும் டெக்சஸ், அரிசோனா வெயிலில் கொதிக்கும் நெடுஞ்சாலையில், சூடு வெளியேற வழியில்லாமல் டயருக்குள்ளேயே சேர்ந்துகொண்டே போகிறது. அடுக்குகளை ஒட்டி வைத்திருக்கும் பிணைப்பு விடுகிறது. சாலையைத் தொடும் பட்டன் பகுதி தனியாக உரிந்து பறக்கிறது, அல்லது பக்கச்சுவர் கிழிகிறது.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி. சுமை ஏற்றினால் டயரின் அழுத்தமும் ஏறும் என்று நினைப்போம். ஏறுவது மிகச் சொற்பம். டயர் கீழே சற்று நசுங்குகிறதே தவிர உள்ளே இருக்கும் இடத்தின் கொள்ளளவு பெரிதாக மாறுவதில்லை. அதனால் காற்றழுத்தம் அளக்கும் கேஜ் காட்டும் எண்ணும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். காலி வண்டியில் 35 காட்டிய டயர், ஆயிரம் பவுண்ட் ஏற்றிய பிறகும் ஏறக்குறைய 35தான் காட்டும். கேஜை மட்டும் பார்த்து "சரியாகத்தான் இருக்கிறது" என்று முடிவு செய்ய முடியாது என்பது இதனால்தான். அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறீர்கள் என்று எந்தக் கேஜும் உங்களுக்குச் சொல்லாது.

கதவோரத்து ஸ்டிக்கர்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணிலோ கதவின் விளிம்பிலோ இரண்டு ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்றில் டயரின் அளவு, முன்னுக்கும் பின்னுக்கும் வைக்க வேண்டிய குளிர்நிலை அழுத்தம் (வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது அளப்பது), ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்ற எச்சரிக்கை, எல்லாம் இருக்கும். இன்னொன்றில் வண்டியின் மொத்த எடை வரம்பும், முன் அச்சு, பின் அச்சு ஒவ்வொன்றுக்குமான எடை வரம்பும் அச்சிட்டிருப்பார்கள். கனடாவில் கிலோபாஸ்கல் கணக்கில் இருந்தால் பயப்பட வேண்டாம்: 240 கிலோபாஸ்கல் என்றால் 35 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட் என்ற அழுத்தக் கணக்கு), 550 என்றால் 80.

இந்த ஸ்டிக்கரை ஏதோ சொகுசுப் பயணத்துக்கான பரிந்துரை என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறு. அமெரிக்கக் கூட்டரசு விதிப்படி, அந்த அழுத்தத்தில் அந்த டயர்கள் வண்டியின் முழு அனுமதிக்கப்பட்ட சுமையையும் தாங்கியாக வேண்டும். அதாவது கம்பெனி டயரோடு, அச்சு வரம்பைத் தாண்டாமல் ஓட்டினால், ஸ்டிக்கர் எண் ட்ரெய்லர் மாட்டிய நிலைக்கும் சேர்த்துத்தான். புதிதாக ஆரம்பிப்பவர்கள் வேறெதையும் படிக்காவிட்டாலும் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான ஆபத்திலிருந்து தப்பிவிடலாம்.

அப்படியானால் பக்கச்சுவரில் இருக்கும் எண்? அது டயர் செய்தவர் சொல்லும் எண். இந்த டயர் எந்த வண்டியில் மாட்டப்படும் என்பது அவருக்குத் தெரியாது. அங்கே "அதிகபட்சச் சுமை இவ்வளவு, இந்த அழுத்தத்தில்" என்று எழுதியிருக்கும். ட்ரக், ட்ரெய்லர் ரக டயர்களில், அந்தச் சுமையைத் தாங்க அந்த அழுத்தம் வேண்டும் என்பது அதன் அர்த்தம்; கார் ரக டயரில் அது தாண்டக்கூடாத அழுத்தம் மட்டுமே. உங்கள் வண்டிக்கு அவ்வளவு அடியுங்கள் என்று அது சொல்லவில்லை. குளிர்ந்த நிலையில் அதைத் தாண்டி அடிக்கக்கூடாது என்ற மேல்வரம்பாக அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்கைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2008 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும், 10,000 பவுண்ட் வரையிலான எல்லாச் சிறு வாகனங்களிலும் டயர் அழுத்த எச்சரிக்கை கட்டாயம். ஆனால் விதி கேட்பது, ஸ்டிக்கர் எண்ணிலிருந்து 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்றுதான். 35-இல் 25 சதவீதம் போனால் ஏறக்குறைய 26. நீங்கள் 28 பிஎஸ்ஐயோடு 7,000 பவுண்ட் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு போனாலும் விளக்கு சத்தமில்லாமல் இருக்கலாம். கடைசி நேரத்து அபாயமணியாக மட்டும் அதை நம்புங்கள்.

இந்த விதியே ஒரு பெரிய துயரத்துக்குப் பிறகு வந்ததுதான். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தவை. பட்டன் பகுதி உரிந்து, வண்டிகள் உருண்டு, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். டயரிலேயே குறை இருந்ததாக அரசின் விசாரணை முடிவுசெய்தது. அதோடு, அந்த வண்டிக்கு ஃபோர்ட் பரிந்துரைத்த 26 பிஎஸ்ஐ போதுமா, ஃபயர்ஸ்டோன் பின்னர் சொன்ன 30 வேண்டுமா என்ற சர்ச்சையும் எழுந்தது. விபத்துகள் வெப்பமான தென் மாநிலங்களிலேயே அதிகம் நடந்தன. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் விளைவுதான் இன்று உங்கள் டேஷ்போர்டில் இருக்கும் விளக்கு. நாலு பிஎஸ்ஐ வித்தியாசம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

ட்ரெய்லர் மாட்டினால் எடை எங்கே போகிறது?

7,000 பவுண்ட், அதாவது சுமார் 3,175 கிலோ எடையுள்ள ஒரு கேம்பர் ட்ரெய்லரை எடுத்துக்கொள்வோம். அந்த எடை முழுவதும் உங்கள் ட்ரக் மேல் ஏறுவதில்லை. பெரும்பகுதியை ட்ரெய்லரின் சொந்தச் சக்கரங்கள் தாங்கும். ஹிட்ச், அதாவது ட்ரக்கின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் இணைப்பு, அதன் உருண்டை மேல் அழுத்துவது மட்டும் உங்கள் கணக்கு. இதை டங் வெயிட் என்பார்கள். சாதாரண ட்ரெய்லருக்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். நம் உதாரணத்தில் 900 பவுண்ட் என்று வைப்போம்.

சரி, 900 பவுண்ட் பின் அச்சில் ஏறும் என்று கணக்குப் போட்டால் தப்பு. ஹிட்ச் உருண்டை பின் அச்சுக்கு மேல் இல்லை; அதற்கு நாலடிக்கு மேல் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே அழுத்தினால் பின் அச்சை ஆதாரமாக வைத்து வண்டியின் மூக்கு மேலே எழும்பும். முன் அச்சிலிருந்து எடை கழன்று பின் அச்சுக்கு வரும். இரு அச்சுகளுக்கும் நடுவே 145 அங்குலம், பின் அச்சிலிருந்து உருண்டைக்கு 50 அங்குலம் என்றால், முன் அச்சு சுமார் 310 பவுண்ட் இழக்கும். பின் அச்சுக்கு 900-உம் 310-உம் சேர்ந்து 1,210 பவுண்ட் கூடும்.

குடும்பமும் பெட்டி படுக்கையும் ஏறிய பிறகு முன் அச்சில் 3,100, பின் அச்சில் 2,700 பவுண்ட் இருந்த வண்டி என்று வைத்துக்கொண்டால், ட்ரெய்லர் மாட்டியதும் முன்னால் 2,790, பின்னால் 3,910. பின் டயர் ஒவ்வொன்றுக்கும் 1,955 பவுண்ட். முன்னும் பின்னும் ஒரே அளவாகக் காற்று ஏற்றிவிடும் பழக்கத்தில் பொருளில்லை என்பது இதிலிருந்து தெரியும். ட்ரெய்லரால் வரும் கூடுதல் வேலை முழுக்கப் பின் டயர்களுக்குத்தான். முன் டயர்களுக்கு உண்மையில் வேலை குறைகிறது.

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு வலுவான இரும்புத் தண்டுகளை இறுக்கி, பின் அச்சில் குவிந்த எடையில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும், கொஞ்சத்தை ட்ரெய்லர் அச்சுகளுக்கும் தள்ளிவிடும். கனமான கேம்பருக்கு அது அவசியம். பல வண்டிகளின் கையேட்டில் எந்த எடைக்கு மேல் அது கட்டாயம் என்றே போட்டிருப்பார்கள். பின் அச்சு வரம்பைத் தாண்டியிருந்தால் காற்றைக் கூட்டிச் சரிக்கட்ட நினைக்காதீர்கள். எடையைக் குறையுங்கள், அல்லது ஹிட்ச்சைச் சரியாக அமையுங்கள். காற்று அச்சின் வரம்பை உயர்த்தாது.

இந்த எண்களை ஊகிக்க வேண்டியதில்லை, நிறுத்தே பார்க்கலாம். நெடுஞ்சாலை ஓரத்து ட்ரக் ஸ்டாப்புகளில் 'கேட் ஸ்கேல்' என்ற பலகை மாட்டிய எடைமேடைகள் இருக்கும். பெரிய லாரிகளுக்கானவை என்றாலும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், சிறு கட்டணம்தான். மேடை தனித்தனிப் பலகைகளாக இருக்கும். முன் சக்கரம் முதல் பலகையிலும், பின் சக்கரம் இரண்டாவதிலும், ட்ரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதிலும் நிற்கும்படி நிறுத்தினால், மூன்றும் தனித்தனியாக அச்சிட்ட சீட்டு கையில் வரும். பயணத்துக்குக் கிளம்பும் நிலையிலேயே, ஆட்கள், தண்ணீர்த் தொட்டி, ஐஸ் பெட்டி எல்லாவற்றோடும் நிறுங்கள். பிறகு ட்ரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு ட்ரக்கை மட்டும் ஒருமுறை நிறுத்தால் டங் வெயிட் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். அந்தச் சீட்டைக் கையுறைப் பெட்டியில் போட்டு வையுங்கள். விவரமாக வரும் எந்த ஆலோசனையைவிடவும் அந்தச் சிறு காகிதம் உங்கள் டயரைப் பற்றி அதிகம் சொல்லும்.

கார் ரக டயரும் எல்டி டயரும்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500 போன்ற அரை டன் பிக்கப்புகளில் பெரும்பாலும் கார் ரக டயர்கள்தான் வரும். டயர் அளவுக்கு முன்னால் பி என்ற எழுத்து இருக்கும், அல்லது எழுத்தே இருக்காது. பல எஃப்-150 வண்டிகளின் ஸ்டிக்கரில் 35 பிஎஸ்ஐ என்றிருக்கும். 275/65ஆர்18, சுமை எண் 116 என்ற டயரை எடுத்தால், அது 35 பிஎஸ்ஐயில் 2,756 பவுண்ட் தாங்கும். ஆனால் கார் ரக டயரை ட்ரக்கில் போட்டால் அந்த எடையை 1.10-ஆல் வகுக்க வேண்டும் என்பது விதி. ட்ரக்குகள் அதிகம் அடிபடும், அதிகம் ஏற்றப்படும் என்பதால் வைத்த பாதுகாப்பு இடைவெளி அது. வகுத்தால் சுமார் 2,505. நம் உதாரணத்துப் பின் டயருக்குத் தேவை 1,955. ஆக 35 பிஎஸ்ஐ தாராளமாகப் போதும். ஒரு டயருக்கு 550 பவுண்ட் மிச்சம் இருக்கிறது.

அப்படியிருந்தும் பலர் பின் டயரில் மட்டும் நாலைந்து பிஎஸ்ஐ கூடுதலாக வைக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. பக்கச்சுவர் கொஞ்சம் விறைப்பானால், பெரிய லாரி கடந்து போகும்போது வண்டியின் பின்பக்கம் அசைவது குறையும். ட்ரெய்லர் இழுத்தாலும் வண்டி ஸ்டியரிங்குக்கு உடனுக்குடன் கட்டுப்படும். பக்கச்சுவரின் மேல்வரம்பைத் தாண்டாதவரை நான் இதை ஆதரிப்பேன். வீடு திரும்பி ட்ரெய்லரைக் கழற்றியதும் பழையபடி இறக்கிவிட வேண்டும். காலி வண்டியில் பின் டயர் இறுகிக் கிடந்தால் நடுப்பட்டன் மட்டும் தேயும். மழையில் பிடிமானமும் குறையும்.

இப்போது அதே வண்டிக்கு, கரடுமுரடாகத் தெரிகிறது, வலுவானது என்று சொல்லி எல்டி ரக டயர் மாட்டுகிறீர்கள் என்று வையுங்கள். எல்டி என்றால் இலகு ட்ரக் டயர். எல்டி275/65ஆர்18, லோட் ரேஞ்ச் (டயரின் சுமைத் தரத்தைக் குறிக்கும் எழுத்து) இ. 80 பிஎஸ்ஐயில் 3,415 பவுண்ட் தாங்கும். பழைய டயரைவிட எவ்வளவு பலம் என்று மனம் குளிரும். கடையில் ஸ்டிக்கரைப் பார்த்து 35 பிஎஸ்ஐ அடித்து அனுப்பிவிடுவார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. இதே எல்டி அளவு 50 பிஎஸ்ஐயில் தாங்குவது 2,535 பவுண்ட்தான். 35-இல் அது இன்னும் நிறையவே குறையும். பழைய கார் ரக டயர் 35-இல் தந்த 2,505-க்கு ஈடு வேண்டுமானால் எல்டி டயரில் 50-ஐ ஒட்டி வைத்தாக வேண்டும். தடித்த பக்கச்சுவரும் அதிக அடுக்குகளும் அதிக அழுத்தத்தைத் தாங்கத்தான்; அந்த அழுத்தத்தைத் தராவிட்டால் அந்தப் பலம் வெளியே வராது. தடித்த ரப்பர் வளையும்போது சூடும் அதிகமாகவே சேரும்.

டேஷ்போர்டு விளக்குக்கும் டயர் மாறியது தெரியாது. அது இன்னமும் 35-ஐத்தான் இலக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கும். 50 இருக்க வேண்டிய டயர் 30-க்கு இறங்கினாலும் அது எரியப்போவதில்லை. டயர் ரகத்தை மாற்றினால் அட்டவணையைப் பார்த்துப் புதிய எண்ணைக் கண்டுபிடித்து, அதை ஒரு காகிதத்தில் எழுதிக் கதவோரத்திலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை காற்று அடிப்பவர் வேறு யாராகவும் இருக்கலாம்.

இன்னொன்று, வால்வு. சாதாரண ரப்பர் வால்வுகள் 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான். 80 வைக்கப் போகிறீர்கள் என்றால் உயர் அழுத்த வால்வோ உலோக வால்வோ வேண்டும். சக்கரத்துக்கும் அதன் சொந்த வரம்பு உண்டு. டயர் மாற்றும்போதே கேட்டுவிடுங்கள்.

ஹெவி டியூட்டி வண்டிகள்

எஃப்-250, ராம் 2500, சில்வராடோ 2500 போன்றவற்றில் கம்பெனியிலேயே எல்டி டயர்தான் வரும். ஸ்டிக்கரில் முன்னுக்கு 60 சொச்சம், பின்னுக்கு 65, 70, 80 என்று வண்டிக்கு வண்டி மாறும். இந்த வண்டிகளின் சிக்கல் தலைகீழானது. ஏற்றினால் பிரச்சினை இல்லை. காலியாக ஓட்டும்போதுதான் தூக்கித் தூக்கிப் போடும். காலி வண்டியின் பின் அச்சில் 2,900 பவுண்ட் என்றால் ஒரு டயருக்கு 1,450. 3,415 தாங்கும் அழுத்தத்தில் 1,450-ஐ வைத்தால் டயர் கல்லாக நிற்கும். மேடுபள்ளத்தில் பின்பக்கம் துள்ளும்.

இதற்காகச் சில மாடல்களில் காலி வண்டிக்கென்று ஒரு குறைந்த அழுத்தத்தைக் கையேட்டிலேயே கொடுத்திருப்பார்கள். எச்சரிக்கை விளக்கையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். அப்படி இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால், ஸ்டிக்கருக்குக் கீழே போகும் முன் எடைச்சீட்டும் அட்டவணையும் கையில் இருக்க வேண்டும்.

ட்ரெய்லர் மாட்டும் நாளில்? 12,000 பவுண்ட் ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் (ட்ரக்கின் சரக்குத் தளத்திலேயே மாட்டும் ரகம்) என்றால் அதன் மூக்கு எடை சுமார் 20 சதவீதம், 2,400 பவுண்ட். ஃபிஃப்த் வீல் இணைப்பு பின் அச்சுக்கு மேலேயே உட்காருவதால் முன் அச்சிலிருந்து எடை கழலாது. 2,400-உம் நேராகப் பின் அச்சில் இறங்கும். சாமான்கள் 300 பவுண்ட் சேர்த்தால் பின் அச்சு 5,600, டயருக்கு 2,800. 50 பிஎஸ்ஐயில் 2,535, 80-இல் 3,415 என்று பார்த்தோமே, இடையில் 2,800-க்கு 60-ஐ ஒட்டி வரும். ஆனால் அட்டவணை சொல்வது குறைந்தபட்சம். அதன் விளிம்பில் நின்று குடும்பத்தோடு நெடும்பயணம் போக நான் சொல்ல மாட்டேன். ட்ரெய்லர் இருக்கும்போது ஸ்டிக்கரில் பின்னுக்கு என்ன போட்டிருக்கிறதோ அதை அப்படியே வையுங்கள். அட்டவணையை வைத்துக் குறைப்பதெல்லாம் காலி நாட்களுக்கு.

காலையில் அளக்க வேண்டும்

இதுவரை சொன்ன எண்கள் எல்லாம் குளிர்நிலை எண்கள். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒரு மைலுக்குள்தான் ஓடியிருக்க வேண்டும். வெயில் படுவதற்கு முன் காலையில் வீட்டு வாசலில் அளப்பதே உத்தமம். ஒரு பக்கம் மட்டும் வெயில் விழுந்திருந்தால்கூட அந்தப் பக்க டயர்கள் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடக் காட்டும்.

ஓட ஆரம்பித்ததும் டயர் சூடாகி அழுத்தம் ஏறும். 35 வைத்தது 39, 40 ஆகும். 80 வைத்தது 90-ஐத் தாண்டலாம். அது இயல்பு. பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயோ, கூடிவிட்டதே" என்று காற்றை இறக்கிவிடக் கூடாது. இறக்கினால் ஆறிய பிறகு தேவைக்குக் கீழே போய்விடும். அடுத்த நூறு மைலில் இன்னும் அதிகமாகச் சூடேறும். அச்சிட்ட மேல்வரம்பும் குளிர்நிலைக்குத்தான். சூட்டில் ஏறுவதற்கு டயர் செய்தவர் ஏற்கெனவே இடம் விட்டிருக்கிறார்.

ஓய்வுக்கு நிறுத்தும் இடத்தில் செய்ய வேண்டியது வேறு. ட்ரக்கையும் ட்ரெய்லரையும் சுற்றி வந்து ஒவ்வொரு டயரின் பக்கச்சுவரிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி சூடாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் கைவைக்க முடியாத அளவு கொதித்தால் அதில் காற்று குறைந்திருக்கிறது, அல்லது பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அல்லது பேரிங் போகிறது. மூன்றில் எதுவானாலும் அங்கேயே பார்த்துவிட வேண்டும்.

பருவநிலைக்குத் தக்கவாறும் அழுத்தம் மாறும். பத்து டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஒரு பிஎஸ்ஐ என்று சொல்வது கார் டயர்களுக்குப் பொருந்தும். 80 பிஎஸ்ஐ டயரில் அது ஏறக்குறைய 1.8 ஆகிறது. டொரொன்டோவில் 20 டிகிரி செல்சியஸ் கதகதப்பான கராஜில் 80 அடித்துவிட்டு, பனிக்காலத்தில் மைனஸ் 15-இல் வெளியே நிறுத்தினால் மறுநாள் காலை 69-ஐ ஒட்டி நிற்கும். 35 வைத்தது 29-க்கு இறங்கும். எங்கும் காற்று கசியவில்லை; குளிர் மட்டுமே செய்த வேலை. டென்வரிலிருந்து ஐ-70-இல் ராக்கி மலை ஏறும்போது எதிர்த்திசையிலும் ஒன்று நடக்கும்: உயரம் கூடக்கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் இரண்டு மூன்று பிஎஸ்ஐ ஏறும். மேலே குளிரும் அதிகம் என்பதால் இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். அதற்காக வண்டியை நிறுத்த வேண்டாம்.

நைட்ரஜன் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள். காசு கொடுக்கத் தேவையில்லை. அந்தக் காசுக்கு 100 பிஎஸ்ஐ வரை காட்டும் நல்ல கேஜ் ஒன்று வாங்கலாம். பேனா மாதிரி குச்சி நீளும் மலிவான கேஜ்கள் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்லும். கலிஃபோர்னியாவில் பெட்ரோல் போடும் வாடிக்கையாளருக்குக் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆனால் பல பெட்ரோல் பங்க் கம்ப்ரெசர்கள் 80 வரை ஏறத் திணறும். ஹெவி டியூட்டி வண்டி வைத்திருந்தால், பேட்டரியில் நேரடியாக மாட்டும் 12 வோல்ட் கம்ப்ரெசர் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறு ரகங்கள் இவ்வளவு பெரிய டயருக்கு ஃபியூஸைத்தான் ஊதும்.

ட்ரெய்லரின் சொந்த டயர்கள்

ட்ரக்கை இவ்வளவு கவனித்துவிட்டு ட்ரெய்லர் டயரை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் உண்டு. நெடுஞ்சாலை ஓரத்தில் ஜாக்கி போட்டு நிற்கும் கேம்பர்களைக் கவனியுங்கள், பெரும்பாலும் போனது ட்ரெய்லர் டயராகத்தான் இருக்கும். அவற்றில் எஸ்டி என்ற எழுத்து இருக்கும், ட்ரெய்லருக்கென்றே செய்த டயர் என்று பொருள். இங்கே கணக்கு எளிது: ட்ரெய்லரின் ஸ்டிக்கரில் என்ன இருக்கிறதோ அது. பெரும்பாலும் அதுவும் பக்கச்சுவரில் இருக்கும் எண்ணும் ஒன்றாகவே இருக்கும். எஸ்டி225/75ஆர்15, லோட் ரேஞ்ச் டி என்றால் 65 பிஎஸ்ஐ, டயருக்கு 2,540 பவுண்ட்.

நம் உதாரணத்தில் ட்ரெய்லரின் நாலு சக்கரங்களிலும் சேர்த்து 6,100 பவுண்ட், டயருக்கு 1,525தான். பின்னே எதற்கு முழு 65? இரட்டை அச்சு ட்ரெய்லர் திரும்பும்போது இரண்டு அச்சுகளும் ஒரே வட்டத்தில் போக முடியாது. டயர்கள் பக்கவாட்டில் தேய்ந்து இழுபடும். கேம்பரைப் பின்வாங்கி நிறுத்தும்போது இறங்கி நின்று பார்த்தால், பக்கச்சுவர் முறுக்கிக்கொண்டு ரிம்மிலிருந்து கழன்றுவிடும்போல வளைவது கண்ணுக்கே தெரியும். அந்த முறுக்கலைத் தாங்க விறைப்பு வேண்டும். ட்ரெய்லரில் சொகுசுக்காகக் காற்றைக் குறைக்க யாரும் உள்ளே உட்கார்ந்து வரப்போவதும் இல்லை.

வேகம் இன்னொரு விஷயம். எஸ்டி டயர்கள் பலவும் மணிக்கு 65 மைல் வேகத்துக்கென்றே செய்யப்பட்டவை; வேறு வேகக் குறி இல்லாவிட்டால் அதையே வரம்பாகக் கொள்ளுங்கள். டெக்சஸில் சாலைப் பலகை 75, 80 என்று காட்டலாம். அது உங்கள் ட்ரெய்லர் டயருக்குச் சொன்னது இல்லை. பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துவரிசையின் கடைசி நாலு இலக்கங்களையும் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். ட்ரெய்லர் வருடத்தில் பெரும்பகுதி நின்றே கிடப்பதால் பட்டன் புத்தம் புதிதாகத் தெரியும், ரப்பரோ உள்ளுக்குள் காய்ந்துபோயிருக்கும்.

ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். பிக்கப்பில் அது பின்பக்கச் சரக்குத் தளத்துக்கு அடியில் தொங்கும். குனிந்து பார்க்க யாருக்கும் மனம் வராது. மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ அளவில் தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு எண் உள்ள வண்டியென்றால், ஸ்டெப்னியில் அதிகமான எண்ணை வையுங்கள். முன்னால் மாட்ட வேண்டி வந்தால் காற்றை இறக்கிக்கொள்ளலாம்; சாலையோரத்தில் 60-ஐ 80 ஆக்க கம்ப்ரெசர் வேண்டும்.